சட்டைக்கு ஆறு

நாளைக்கு மழை வருமா என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறவர்கள்கூட, முன்பின் தெரியாத ஒருத்திக்கு மேற்படிப்பில் இடம் கிடைக்குமா என்று கேட்டால் சதவீதத்தோடு பதில் சொல்லிவிடுகிறார்கள். இணையத்தில் இதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. ஆக்குபேஷனல் தெரபி முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள் தங்கள் மதிப்பெண்களை எல்லாம் அங்கே கொட்டிவிட்டு, கிடைக்குமா கிடைக்காதா என்று கேட்பார்கள். பதில் சொல்கிறவர்களில் பாதிப் பேருக்குக் கிடைத்திருக்காது. அதனால் என்ன, தனக்குப் பலிக்காத குறியை அடுத்தவருக்குச் சொல்லக்கூடாது என்று சட்டமா இருக்கிறது?

போன வாரம், எறும்பு என்று எல்லாரும் கூப்பிடுகிற மருத்துவமனை உதவியாளர் ஒருத்தியும் அங்கே குறி கேட்கப் போனாள். இளநிலையில் சராசரி அறுபத்தெட்டு. புள்ளியியலில் மட்டும் ஐம்பத்தொன்று. தெரபிஸ்ட் ஒருவரின் கூடவே இருந்து வேலையைப் பார்த்த அனுபவம் நூறு மணி நேரம் வேண்டும் என்பது விதி. அவளிடம் ஏழாயிரம் இருந்தது. ஏற்கெனவே இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் 'வருந்துகிறோம்' என்று பதில் வந்திருந்தது. இடம் நாற்பது, போட்டி அறுநூறு பேர். இவ்வளவையும் எழுதிப் போட்டதற்கு முதல் ஆள் 'முப்பது சதவீதம்' என்றான். இரண்டாவது ஆள், கட்டுரை நன்றாக இருந்தால் ஐம்பது என்றாள். மூன்றாவது ஆள் கைகூப்புகிற படம் ஒன்றைப் போட்டுவிட்டு நழுவிவிட்டான். துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி இருந்தது அவளுக்கு.

இந்த முறை தவறினால் அடுத்த முறை என்பது கிடையாது. உடற்கூறியல் மாதிரியான அடிப்படைத் தாள்கள் ஏழு வருஷத்துக்குத்தான் செல்லும். அவளுடையதற்கு இந்த வருஷத்தோடு ஏழு முடிகிறது. மறுபடி அவற்றைப் படித்து எழுத அவளுக்கு நேரமும் இல்லை, வயதும் முப்பத்தொன்று. வருகிற வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

எறும்பு என்பது மருத்துவமனையின் மறுவாழ்வு வார்டில் அவளுக்கு வைத்த பெயர். நின்ற இடத்தில் நிற்கமாட்டாள். ஒரு கையில் துண்டு, இன்னொரு கையில் தண்ணீர்க் குவளை, வாயில் பேனா மூடி என்று நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருப்பாள். நாலு வருஷமாக அங்கே உதவியாளர். பக்கவாதத்திலும் விபத்திலும் முடங்கினவர்களை எழுப்பி நடக்கவைப்பது பக்கத்து அறைக்காரர்களின் வேலை. நடந்துபோய் என்ன செய்வது என்பது ஆக்குபேஷனல் தெரபி நடக்கிற இவர்கள் அறையின் வேலை. பல் தேய்ப்பது, தலை வாருவது, சட்டை போடுவது, பூட்டுத் திறப்பது, முட்டை உடைப்பது. பார்க்கிறவர்களுக்குச் சிறுபிள்ளை விளையாட்டாகத் தெரியும். போன மாதம்வரை பேருந்து ஓட்டியவர் இன்றைக்கு ஒரு செருப்பை மாட்டிவிட்டு வியர்த்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் சிரிப்பு வராது.

அந்த அறையில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. கை நீட்டக்கூடாது. நோயாளி திணறட்டும், தவறட்டும், திட்டட்டும். விழப்போனால் ஒழியத் தொடாதே. எறும்புக்கு இந்தச் சட்டம் வேப்பங்காய். யாராவது சட்டைக் கைக்குள் தோளை நுழைக்க முடியாமல் தவித்தால் அவள் விரல்கள் தாமாகவே போய் ஒரு இழுப்பு இழுத்துவிடும். அப்போதெல்லாம் அறையின் மறுகோடியிலிருந்து ஒரு குரல் வரும்.

"அக்கா, கை."

குரலுக்குரியவள் அந்த அறையின் தெரபிஸ்ட். வயது இருபத்தாறு. கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும், ஆகவே வார்டில் அவள் பெயரும் ஸ்டாப்வாட்ச்தான். எறும்பு அவளை மேடம் என்பாள், அவள் எறும்பை அக்கா என்பாள். யார் யாருக்கு மேலே என்பதை இருவரும் இப்படிப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சிபாரிசுக் கடிதம் கொடுக்கப்போகிறவளும் அவள்தான். எனவே திங்கட்கிழமை மதியம், நடைவண்டிகளும் ஊன்றுகோல்களும் அடைந்துகிடந்த சாமான் அறையில், எறும்பு தன் கட்டுரையை அவளிடம் நீட்டினாள்.

'ஆறு வருஷமாக என் தந்தைக்கு நானே கை' என்று அது ஆரம்பித்தது. எறும்புக்கு அந்த வரியின்மேல் ரொம்பப் பெருமை. அப்பா லேத் பட்டறையில் முப்பது வருஷம் இரும்பு கடைந்தவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் போயின. அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். அண்ணன் கடல் தாண்டி வேலையில் இருந்தான். மாதம் ஒரு தடவை போனில் அழைத்து, அப்பாவை நல்லாப் பாத்துக்க என்று உத்தரவு போடுவான். உத்தரவு போட விமான டிக்கெட் தேவையில்லை அல்லவா. குச்சி ஊன்றிக் கழிப்பறைக்கு மட்டும் அப்பா தானே போய்விடுவார். மற்றபடி முகம் கழுவி, சவரம் செய்து, தலை வாரி, சட்டை போட்டுவிடுவது எல்லாம் எறும்பு. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, எல்லாவற்றையும் முடித்து, ஏழு மணிப் பேருந்தைப் பிடிப்பாள்; வார்டுக்கு வருமுன் பார்த்த வேலைக்கும் அதே பேருந்துதான். கட்டுரை முழுக்க இதுதான் இருந்தது. வாசிக்கிறவர் கண் கலங்கிவிட வேண்டும் என்று பார்த்துப் பார்த்து எழுதியிருந்தாள்.

ஸ்டாப்வாட்சின் கண் கலங்கவில்லை.

"அக்கா, அப்பாவுக்கு எந்தக் கை?"

"இடது மேடம்."

"வலது கை நல்லா இருக்கா?"

"இருக்கு. ஆனா ஒரு கையை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவாரு?"

ஸ்டாப்வாட்ச் தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். திறந்திருந்த கதவு வழியாக அறைக்குள் பார்த்தாள். அங்கே ஒரு தபால்காரர், ஆணி அடித்த பலகையில் உருளைக்கிழங்கைக் குத்திவைத்து, ஒரே கையால் தோல் சீவிக்கொண்டிருந்தார். எறும்பும் பார்த்தாள். காலையில் அந்தப் பலகையை எடுத்துக் கொடுத்தவளே அவள்தான்.

"இதுல 'உடை உடுத்த முழு உதவி தேவை'ன்னு எழுதியிருக்கீங்க. நம்ம படிவத்துல அது ஒண்ணு. யார் போட்டது?"

வார்டின் படிவத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஏழு படி உண்டு. ஏழு என்றால் சாதாரண ஆள் மாதிரியே செய்கிறார். ஒன்று என்றால் எல்லாவற்றையும் அடுத்தவர்தான் செய்யவேண்டும்.

"நான்தான். தினமும் பாக்கறேனே மேடம்."

"அளந்தீங்களா, முடிவு பண்ணீங்களா?"

எறும்புக்குக் காது சூடாகிவிட்டது. "உங்க வீட்ல யாராவது இப்படிப் படுத்திருக்காங்களா மேடம்?"

"இல்லக்கா."

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்."

"உண்மைதான்," என்றாள் அந்தப் பெண், கோபமே இல்லாமல். "ஆனா இதை வாசிக்கப்போறவங்க நூத்துக்கணக்கான பேரை அளந்தவங்க. முதல் வரியிலேயே நான் கேட்டதைத்தான் அவங்களும் கேப்பாங்க. போன ரெண்டு தடவையும் இதையேதான் அனுப்பினீங்களா?"

இதையேதான் அனுப்பியிருந்தாள். ஒவ்வொரு தடவையும் சொற்களைக் கொஞ்சம் மெருகேற்றினாள், அவ்வளவுதான்.

"அப்போ எனக்கு எவ்வளவு சான்ஸ் இருக்கு? நீங்களே சொல்லுங்க."

"இதோட அனுப்பினா பத்து. என் லெட்டரையும் சேத்து."

அன்றைக்கு மாலை பேருந்தில் எறும்பு மனதுக்குள் அந்தப் பெண்ணை வகைதொகை இல்லாமல் வைதாள். முளைச்சு மூணு இலை விடவில்லை, அளந்தீங்களாவாம். நாலைந்து நிறுத்தங்கள் இப்படிப் போயின. அதற்கப்புறம் வைவதற்குச் சொல் கிடைக்கவில்லை. புதிதாக வருகிற குடும்பத்தார் ஒவ்வொருவரிடமும் 'நீங்க செய்யாதீங்க, அவரையே செய்ய விடுங்க' என்று நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். வார்டுக் கதவைத் தாண்டி அந்தப் பேச்சை ஒரு நாளும் அவள் வீட்டுக்கு எடுத்துவந்ததில்லை. வைத்தியர் வீட்டு நோயாளிக்கு மருந்து எட்டாத கதைதான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்தாள். நாலு வருஷத்தில் அவள் எடுத்த மூன்றாவது விடுப்பு. காலையில் அப்பாவின் கட்டிலுக்கு எதிரே முக்காலியைப் போட்டு, மடியில் படிவத்தையும் போனில் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி உட்கார்ந்தாள்.

அப்பா அவளையும் முக்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா, சட்டை?"

"இன்னைக்கு நீங்களே போட்டுக்குங்கப்பா. சவரமும் நீங்களே."

"எதுக்கு?"

"என் படிப்புக்கு. அளந்து எழுதணுமாம்."

"எவ்வளவு நேரம் தருவே?"

"எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்குங்க. இன்னைக்கு நான் லீவு."

ஏதோ ஒன்றை இதற்குமேல் மறைத்துவைக்க முடியாது என்று தீர்மானிக்கிறவர் மாதிரி இருந்தது அவர் முகம். பிறகு குச்சியின் வளைவால் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். முதலில் சவரம். ஒரு கன்னத்தை இழுத்துப் பிடிக்க ஆள் இல்லாததால், நாக்கை உள்ளேயிருந்து கன்னத்தில் அழுத்தி, தோலை விறைப்பாக்கிக்கொண்டு வழித்தார். நடுவே இரண்டு தடவை களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்தார். முகத்தைத் துடைத்தார், தலை வாரினார். பின்னர் சட்டையை எடுத்து அதன் கழுத்துப் பட்டையை நாற்காலி முதுகின் மூலையில் மாட்டினார். இடது கையை வலது கையால் தூக்கி, தொங்குகிற சட்டைக் கைக்குள் விட்டு, நாற்காலியைக் குச்சியால் தள்ளித் தள்ளி, சட்டையைத் தோளுக்கு ஏற்றினார். ஆடாமல் பிடித்துக்கொள்ள ஒன்று இருந்தால் இன்னொரு கை எதற்கு? லேத்காரருக்கு அது தெரியாமல் போகுமா?

முடியாத கையை முதலில் நுழைக்கவேண்டும் என்று பழக்கிவைக்க வார்டில் இரண்டு வாரம் ஆகும். இவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. முதல் தடவையாகச் செய்கிற ஆளுக்கு நாற்காலியை எங்கே நிறுத்துவது என்று இவ்வளவு கச்சிதமாகத் தெரியாது. எறும்புக்கு இது புரிந்தபோது அவர் மூன்றாவது பொத்தானில் இருந்தார். கீழே இருந்து மேலே போட்டுக்கொண்டு வந்தார்; அப்படிப் போட்டால்தான் தவறாது. கடைசிப் பொத்தானைப் போட்டு முடித்து அவர் நிமிர்ந்தபோது முப்பத்தெட்டு நிமிஷம் ஆகியிருந்தது.

"எப்பக் கத்துக்கிட்டீங்கப்பா?"

"அது இருக்கும், அஞ்சு வருஷம்."

"அஞ்சு வருஷமா?"

"மத்தியானத்துல தண்ணியை மேல கொட்டிக்குவேன். நீ வர்ற வரைக்கும் ஈரத்தோடவா உக்காந்திருக்க முடியும்?"

காலையில் போட்டுவிட்ட சட்டை ஒன்றும் மாலையில் உடம்பில் இருக்கிற சட்டை வேறொன்றுமாகப் பல நாள் அவள் பார்த்திருக்கிறாள். மதியச் சாப்பாடு கொண்டுவருகிற கீழ்வீட்டு டிரைவர் அண்ணன்தான் மாற்றிவிடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அதைச் சொன்னாள்.

"அவரா? பையை வாசப்படியில வெச்சுட்டு மணியடிச்சுட்டுப் போயிடுவாரு. அவருக்கு அடுத்த சவாரி."

எறும்புக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. இந்த ஆறு வருஷத்தில் எத்தனை விடியற்காலை. காய்ச்சலோடு எழுந்த நாள்கள், கூடப் படித்தவளின் கல்யாணத்துக்குப் போகாமல் விட்டது, தூரத்து ஊரில் கிடைத்த வேலையை வேண்டாம் என்றது. எல்லாம் இந்த மனிதருக்குக் கை இல்லை என்று நம்பி.

"ஏம்பா சொல்லல? நான் அஞ்சு மணிக்கு எந்திரிக்கறது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அப்பா வலது கையால் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "சொல்லியிருந்தா நீ எந்திரிச்சு நேரா பஸ்ஸுக்குப் போயிருப்பே. சவரம் பண்றப்ப உன் கண்ணு பிளேடுலதான் இருக்கும், சட்டை போட்டுவிடறப்பதான் நீ என் எதிர்ல நின்னு பேசுவே. நாலு நிமிஷம். வார்டுல யார் என்ன பேசினாங்க, யார் யாரைத் திட்டினாங்கன்னு சொல்லுவே. சாயந்திரம் வந்தா சாப்பாட்டைப் போட்டுட்டு அந்தப் போனோட படுத்துடுவே. நீயும் என்ன பண்ணுவே, அலுப்பு. எனக்கு நாள் பூரா அந்த நாலு நிமிஷம்தான்."

சாதாரணமாகத்தான் சொன்னார். குறை சொல்கிற தொனி இருந்திருந்தால் அவள் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். நாலு நிமிஷம் என்பது அவள் கணக்கும்தான். அவரையே போட்டுக்கொள்ள விட்டால் அரை மணிக்கு மேல் ஆகும், தானே போட்டால் நாலு நிமிஷம், ஏழு மணிப் பேருந்து. ஆறு வருஷத்துக்கு முன் அந்தக் கணக்கைப் போட்டவள் அவள். அதற்குப் பாசம் என்று பேர் வைத்தவளும் அவளே. இப்போது இதைத் தனக்குத்தானே ஒப்புக்கொண்டபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

படிவத்தை எடுத்து எழுதினாள்.

"எவ்வளவு போட்டே?"

"ஆறுப்பா. நேரம் கூட ஆகுது, நாற்காலி வேணும். மத்தபடி எல்லாம் நீங்களே பண்றீங்க."

"ஆறுன்னா?"

"ஆள் வேண்டாம்னு அர்த்தம்."

"அஞ்சுன்னா?"

"பக்கத்துல ஆள் இருந்தா போதும், தொடவேண்டாம்னு அர்த்தம்."

அவர் யோசித்தார். "அஞ்சு போடு," என்றார்.

அவள் பேனாவை மூடிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். அடுப்பைப் பற்றவைக்காமல் அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

படிப்புக்கான கல்லூரி ஐந்து மணி நேர ரயில் பயணத்தில் இருந்தது. இரண்டு வருஷம் விடுதியில் தங்கவேண்டும். இவ்வளவு நாளும் இடம் கிடைக்குமா என்பதை மட்டுமே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கிடைத்தால் அப்பாவை யாரிடம் விடுவது என்ற கேள்வியை, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்திருந்தாள். உண்மையைச் சொன்னால், கிடைக்காது என்ற நம்பிக்கையில்தான் தள்ளிவைத்திருந்தாள். ஆறு என்றால் அவள் போகலாம். ஐந்து என்றால் போகமுடியாது. அப்பா லேத்தில் அளவுகோல் பார்த்த மனிதர். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் எவ்வளவு இருக்கிறது என்று அவருக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

புதனும் வியாழனும் அவள் கட்டுரையை முதலிலிருந்து எழுதினாள். 'ஆறு வருஷமாக நானே கை' என்பதை அடித்தாள். பேருந்தைப் பிடிக்கிற அவசரத்தில், ஒரு மனிதரால் முடிந்த வேலையை அவரிடமிருந்து ஆறு வருஷம் பிடுங்கிவைத்திருந்தேன் என்று எழுதினாள். நாற்காலி முதுகில் சட்டை மாட்டிய விதத்தை எழுதினாள். அவர் ஐந்து போடச் சொன்னதையும், அதற்குத் தன்னிடம் பதில் இல்லாததையும் எழுதினாள். எழுதி முடித்ததை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். அவருடைய உடம்பைப் பற்றியது. அவருக்குத் தெரியாமல் அனுப்புவது தப்பு என்று பட்டது.

அப்பா கண்ணை மூடிக் கேட்டார். "உன் தப்பை மட்டும் எழுதியிருக்கே. அஞ்சு வருஷம் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தது யாரு? அதையும் எழுது."

"அது எதுக்குப்பா?"

"அளந்து எழுதணும்னு நீதானே சொன்னே."

அந்த வரியையும் சேர்த்தாள். வெள்ளிக்கிழமை காலை ஸ்டாப்வாட்ச் சாமான் அறையில் நின்றபடியே அதை வாசித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.

"இப்ப எவ்வளவு மேடம்?"

"தெரியலக்கா. இதைப் பாத்துட்டு உங்களை உடனே எடுக்கலாம். இல்ல, சொந்த வீட்லயே கண்ணைத் திறக்காதவங்கன்னு தள்ளிடலாம். சத்தியமா எனக்குச் சொல்லத் தெரியல." கதவுவரை போய்த் திரும்பினாள். "அன்னைக்கு நான் கொஞ்சம் பட்டுன்னு சொல்லிட்டேன்."

"நாலு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கலாம்," என்றாள் எறும்பு. சொன்ன பிறகுதான், நாலு வருஷத்துக்கு முன் இந்தப் பெண் படித்துக்கொண்டிருந்திருப்பாள் என்பது நினைவுக்கு வந்தது. இருவருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது.

இரண்டு மாதம் கழித்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. முந்தைய இரண்டு தடவை அதுவரைகூடப் போனதில்லை. நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். புள்ளியியல் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்து எறும்பு நாலு பதில் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தாள். யாரும் கேட்கவில்லை. நடுவில் இருந்த பேராசிரியை அவள் கட்டுரையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

"கடைசியில என்ன போட்டீங்க? ஆறா, அஞ்சா? எழுதாம விட்டிருக்கீங்க."

எறும்பு மேஜையைப் பார்த்தாள். "சட்டைக்கு ஆறு போட்டேன் மேடம். அதுதான் சரியான அளவு. அவர் அஞ்சு கேட்டது சட்டைக்காக இல்ல. அவர் கேட்டதை எழுத நம்ம படிவத்துல இடம் இல்ல."

"அப்போ ரெண்டு வருஷம் நீங்க இங்க இருந்தா, அவர் பக்கத்துல யார் இருப்பாங்க?"

நல்ல பதிலாக ஒன்று சொல்லிவிடலாம். டிரைவர் அண்ணன் இருக்கிறார், அண்ணன் வரவிருக்கிறான் என்று எதையாவது சொன்னால் யாரும் சரிபார்க்கப்போவதில்லை. அறுநூறு பேரில் ஒருத்தி அப்படிச் சொன்னால் குடியா முழுகிவிடும்?

"தெரியல மேடம்," என்றாள். "யாரும் இல்ல."

மூவரில் ஒருவர் ஏதோ குறித்துக்கொண்டார். போகலாம் என்றார்கள். ரயிலில் திரும்பிவருகிற ஐந்து மணி நேரமும், கைக்கு வந்ததை வாயால் கெடுத்துக்கொண்டோம் என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள்.

இடம் கிடைத்துவிட்டது. மூன்று வாரம் கழித்து ஒரு மாலை வார்டிலிருந்து திரும்பும்போது பேருந்திலேயே அந்தக் கடிதம் போனில் வந்தது. குதிக்கவேண்டும் என்று ஏழு வருஷமாக நினைத்துவைத்திருந்தாள். நின்றுகொண்டுதான் வந்தாள், குதிக்க இடமும் இருந்தது. ஆனால் அவளுக்குக் குதிக்கத் தோன்றவில்லை. ஸ்டாப்வாட்சுக்கு மட்டும் ஒரு வரி அனுப்பினாள். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று ஏழெட்டு விதமாக ஒத்திகை பார்த்தாள். கடைசியில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள்.

"கிடைச்சிருச்சுப்பா."

அப்பா அப்போதுதான் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். கை நாற்காலி முதுகில் நின்றது. அண்ணனாக இருந்தால் முதலில் கேட்டிருப்பான், ஆனால் யார் பார்த்துக்கொள்வது என்று அவர் கேட்கவில்லை. சந்தோஷம் என்றும் சொல்லவில்லை. இடது கையை உள்ளே விட்டு, நாற்காலியைத் தள்ளி, தோளுக்கு ஏற்றிக்கொண்டார். அவள் தொடாமல் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பொத்தான் போட்ட பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"அங்க கிளாஸ் எத்தனை மணிக்கு?"

"ஒம்பதுக்குப்பா."

"அப்போ எட்டு மணிக்கு எனக்குப் போன் போடு. போனைக் கட்டில் மேல வெச்சுட்டுச் சவரம் பண்ணிச் சட்டை போட்டுக்கறேன். நீ பேசிக்கிட்டிரு."

"சரிப்பா."

"சரின்னுட்டு நாலு நிமிஷத்துல வெச்சுடாதே," என்றார் அப்பா. "எனக்கு முப்பத்தெட்டு நிமிஷம் ஆகும்."